அத்தையின் கோலமும் என் டிஸ்க்கும்

கணினி வேலை பார்க்கிற மாப்பிள்ளைக்கு மின்சாரத்தில் ஓடுகிற எல்லாச் சாமானும் அத்துப்படி என்பது மாமனார் வீடுகளில் அசைக்க முடியாத நம்பிக்கை. நான் சிங்கப்பூரின் தஞ்சோங் பகாரில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து வங்கிகளுக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தவன். ஆனால் புக்கிட் பாஞ்சாங்கில் இருந்த மாமனார் வீட்டுக்குப் போனால் ரைஸ் குக்கர் பார்ப்பேன், வாஷிங் மெஷின் பார்ப்பேன். (பார்ப்பேன் என்றால் பார்ப்பேன், அவ்வளவுதான். பாதி நேரம் அதுவே சரியாகிவிடும், பெயர் எனக்கு வரும்.) திருச்சியிலிருந்து வந்து சிங்கப்பூர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்ட புதிது. 'தெரியாது' என்ற வார்த்தையை அந்த வீட்டு வாசலிலேயே செருப்போடு கழற்றி வைத்துவிடுவேன்.

அப்படிப்பட்ட என்னிடம்தான் அத்தை ஒரு நாள் வந்து நின்றார். அத்தை என்றால் என் மாமியார். அந்த அடுக்குமாடி புளோக்குக்கே அவர்தான் கோலக்காரி. பொங்கலுக்குக் கீழே வாய்ட் டெக் என்கிற திறந்த தரைத்தளத்தில், தூணுக்குத் தூண் அடைக்கிற அளவுக்குப் பெரிய கோலம் போடுவார். சீனர், மலாய்க்காரர் எல்லாரும் நின்று பார்த்துவிட்டுத்தான் லிஃப்ட் ஏறுவார்கள். ஆனால் நான் மாப்பிள்ளையாகப் போன சமயத்தில் அதெல்லாம் நின்றுபோயிருந்தது. அவருடைய வலது கை நடுங்க ஆரம்பித்திருந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அத்தைக்கு அது ஆறுதலாக இல்லை. யாராவது வீட்டுக்கு வந்தால் அந்தக் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொள்வார்.

"மாப்ள, மாமா ஒரு தடவ நான் கோலம் போடுறத வீடியோ எடுத்தாங்க. அத டிவில பாக்கணும். என் கை அப்ப எப்படிப் போச்சுன்னு மறந்துபோச்சு" என்றார்.

மாமா பிஸ்கட் டின்னைத் திறந்து காட்டினார். உள்ளே சின்னச் சின்ன கேம்கோடர் டேப்புகள். என் மனைவி தேவியின் பிறந்தநாள், பள்ளி விளையாட்டு விழா, அத்தையின் பொங்கல் கோலம் எல்லாம் அதில்தான் இருந்தன. கேமராவுக்கும் வயதாகி, டேப்பை மென்று துப்பும் நிலைக்கு வந்திருந்தது. ஒரே ஒரு தடவை ஓடவிட்டுக் கணினியில் ஏற்றி, டிவிடி டிஸ்க்கில் போட்டுத் தருவதாக வாக்குக் கொடுத்தேன். பொங்கலன்று சொந்தக்காரர்கள் எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. (கூப்பிடச் சொன்னவனும் நான்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டேன்.)

முதல் முயற்சியில் எல்லா டேப்பையும் ஒரே டிஸ்க்கில் திணித்தேன். மாமாவின் முகம் குளியலறைச் சுவர் மாதிரி கட்டம் கட்டமாக வந்தது. கொஞ்சமாக ஏற்றினால்தான் படம் தெளிவாக இருக்கும் என்று புரிந்துகொண்டு, ஒரு டேப்புக்கு ஒரு டிஸ்க் என்று பிரித்தேன். பிறகு மென்பொருளில் இருந்த 'கூர்மை'யைக் கொஞ்சம் ஏற்றினேன். படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். நிறுத்தினால் அப்படி ஓர் அழகு. கோலப்பொடி அத்தையின் விரலிடுக்கிலிருந்து விழுவதுகூடத் தெரிந்தது. என் தோளை நானே தட்டிக்கொண்டேன்.

அதற்கு முன் மென்பொருள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தது. அந்தக் காலத்து கேம்கோடர் ஒவ்வொரு படத்தையும் இரண்டு பாதியாக, ஒன்றுவிட்ட வரிகளாகப் பிடிக்கும். எந்தப் பாதி முதலில், மேல் வரியா, கீழ் வரியா என்று கேட்டது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பிள்ளையார் சுழியைப் பக்கத்தின் அடியிலா போடுகிறோம்? பக்தியோடு மேல் வரியைத் தேர்ந்தெடுத்தேன். மாமாவின் கேமராவோ கீழ் வரியில் ஆரம்பிக்கிற ஜாதி. இது தலைகீழாகப் போனால், அசையாத பொருள் அப்படியே இருக்கும். அசைகிற பொருள் மட்டும் முன்னே ஒரு அடி, பின்னே அரை அடி என்று போகும். என் கணினித் திரையில் அது தெரியாது. டிவியில் போட்டால்தான் தெரியும். டிவியில் போட்டுப் பார்க்க நான் என்ன மடையனா, நான்தான் நிறுத்திப் பார்த்துவிட்டேனே.

பொங்கலன்று தேக்கா சந்தையில் கரும்பு வாங்கிக்கொண்டு போய் இறங்கினேன். கூடம் நிறைய சொந்தக்காரர்கள். அத்தை புதுப்புடவையில், டிவிக்கு நேரெதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலது கை வழக்கம்போல முந்தானைக்குள். டிஸ்க்கைப் போட்டேன். முதல் காட்சி, காலியான வாய்ட் டெக். தூண், தரை, அறிவிப்புப் பலகை எல்லாம் பளிச்சென்று நின்றன. "சினிமா மாதிரி இருக்குலா" என்றார் தேவியின் சேகர் சித்தப்பா. நான் அடக்கமாகச் சிரித்தேன்.

அப்போது படத்துக்குள் அத்தை கோலப்பொடிக் கிண்ணத்தோடு வந்தார். குனிந்தார். கையை நீட்டினார். கை நடுங்கியது.

திரையில் அந்தக் கை கிண்ணத்துக்குப் போகும்போது நடுங்கியது, திரும்பும்போது நடுங்கியது, கோடு இழுக்கும்போது வெடவெடவென்று நடுங்கியது. எந்தக் கையைப் பார்க்க வேண்டும் என்று அத்தை ஆசைப்பட்டாரோ, அந்தக் கையையே நான் கெடுத்து வைத்திருந்தேன். தேவி என்னைப் பார்த்த பார்வையில் நான் அப்படியே பொட்டலமாகி ஊருக்குப் போயிருக்க வேண்டும். மாமா ரிமோட்டைத் தேடினார். அது என் தொடைக்கு அடியில்தான் இருந்தது. எடுக்க எனக்குக் கை வரவில்லை.

படம் பாட்டுக்கு ஓடியது. பின்னால் எல்ஆர்டி ரயில் போனது. அதுவும் நடுங்கியது. ஒரு பூனை நடுங்கிக்கொண்டே கோலத்தைத் தாண்டியது. பிறகு இளம் வயது சேகர் சித்தப்பா, பொங்கல் பானையைக் கிண்டியபடி, தொப்பையும் கரண்டியுமாக உதறிக்கொண்டு வந்தார்.

அத்தை முன்னால் சாய்ந்து உற்றுப் பார்த்தார். "சேகரு, ஒனக்கும் நடுங்குதுலா" என்றார். பிறகு ரயிலை, பூனையை, திருநீறு பூசிக்கொண்டு நின்ற மாமாவை ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. துடைக்கக் கையை எடுத்தார், வலது கையை. அத்தனை பேர் முன்னாலும் அது வெளியே வந்து நடுங்கியது. அவர் அதைத் திரும்ப உள்ளே கொண்டுபோகவே இல்லை.

"பரவால்ல மாப்ள. இன்னைக்கு நான் மட்டும் இல்ல" என்றார்.

நான் சமையலறைக்குள் போய், வேலையே இல்லாமல் ஒரு கரும்பை வெட்டிக்கொண்டு நின்றேன்.

அடுத்த வாரமே கீழ் வரியை முதலில் வைத்துப் புது டிஸ்க் செய்து கொண்டுபோனேன். (இந்தத் தடவை எங்கள் வீட்டு டிவியில் முழுதாகப் போட்டுப் பார்த்துவிட்டு.) அத்தையும் நானும் மட்டும் உட்கார்ந்து பார்த்தோம். கோடு தண்ணீர் மாதிரி ஓடியது. அத்தை நடுங்கும் விரலைக் காற்றில் நீட்டி, திரையில் போகிற கையோடு கூடவே வளைத்து வளைத்துப் போனார். முடிந்ததும், "நல்லாத்தான் போட்டிருக்கேன்" என்றார். "இத பத்திரமா உள்ள வைங்க. வர்றவங்களுக்கு ஆடுறத போட்டுக் காட்டலாம்."

அன்று முதல் அந்த வீட்டில் ஆடுகிற எதுவும் என் கணக்கில்தான். வாஷிங் மெஷின் குதித்தால் 'மாப்ள எடுத்த வீடியோ'. நாற்காலிக்குக் கால் சரியில்லை என்றால் 'மாப்ளயைக் கூப்பிடு'. பிறகு பிறந்த என் மகள்கூட லிஃப்ட் குலுங்கினால் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

அதற்கு அடுத்த பொங்கலிலிருந்து அத்தை மறுபடி கோலம் போட ஆரம்பித்துவிட்டார். வாய்ட் டெக்கில் இல்லை, வீட்டு வாசல் காரிடாரில், சின்னதாக. இந்தப் பொங்கலுக்கும் போட்டார். கோடெல்லாம் அலை அலையாக நெளிந்து ஓடியது. எதிர்வீட்டுச் சீன அம்மா குனிந்து பார்த்துவிட்டு, இது புது மாதிரியாக இருக்கிறதே என்று ஆங்கிலத்தில் கேட்டார். அத்தை நிமிர்ந்து, பொடி படிந்த கையால் என்னைக் காட்டினார்.

"திஸ் ஒன், சன்-இன்-லா டிசைன்."