களைக்கொத்தி அண்ணனும் ஒரு நிக்காஹ் துப்பட்டாவும்

மதுரையில் எதையாவது சேர்ப்பவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன். எடுப்பதற்கென்றே பிறந்த ஒரே ஆள் களைக்கொத்தி அண்ணன். புதுச்சட்டை வாங்கினால் "ரெண்டு பை எதுக்கு?" என்று ஒன்றைப் பிரித்துவிட்டுத்தான் போடுவார். கல்யாணப் பத்திரிகை கொடுத்தால், 'தங்கள் நல்வரவை விரும்பும்' கூட்டத்தில் பாதிப்பேரைப் பேனாவால் அடித்துத் திருப்பிக் கொடுத்து, "இப்பப் படிக்க ஈசியா இருக்குல்ல?" என்பார்.

சொந்த ஊர் கொட்டாம்பட்டிப் பக்கம். செல்லூரில் தறிச் சத்தம் ஓயாத ஒரு சந்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடை வைத்திருந்தார். எந்தக் கம்ப்யூட்டர் வந்தாலும் அவரிடம் ஒரே வைத்தியம்தான்: உள்ளே இருப்பதில் பாதியைத் தூக்கி எறி. இதற்காக அவரே ஒரு புரோகிராம் எழுதி, களைக்கொத்தி என்று பேரும் வைத்தார். ரிப்பேருக்கு வந்த கம்ப்யூட்டரில் எல்லாம் அது போய் உட்கார்ந்துகொள்ளும். வாரம் ஒருமுறை விழிக்கும். பேர் ஊர் தெரியாத, ஒரு மாதமாக யாரும் திறக்காத புரோகிராம்களை ஓசைப்படாமல் பிடுங்கிப் போட்டுவிட்டு மறுபடி தூங்கிவிடும். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாது. கம்ப்யூட்டர்கள் குதிரை மாதிரி ஓடின. செல்லூர் மகிழ்ந்துபோய், புரோகிராமின் பேரையே அவருக்கும் வைத்துவிட்டது.

நான் அப்போது இன்ஜினியரிங் கடைசி வருடம். வகுப்பு இல்லாத நேரமெல்லாம் அந்தக் கடையில்தான் இருப்பேன். வகுப்பு இருக்கும் நேரத்திலும் பெரும்பாலும் அங்கேதான்.

"கேட்டுட்டு எடுக்கலாம்லண்ணே?" என்றேன் ஒருநாள்.

"வயல்ல களையெடுக்குறப்ப கோரைகிட்ட பெர்மிசன் கேப்பியா மாப்ள?"

"கோரைகிட்ட இல்லண்ணே. வயக்காரர்கிட்ட."

"அவருக்கு எது கோரை எது நெல்லுன்னு தெரிஞ்சா எங்கிட்ட ஏன் வாராரு?"

இந்த வாதம் கப்பலூரில் எடுபடவில்லை. அங்கே பள்ளிச் சீருடை தைக்கும் கம்பெனி வைத்திருந்த செல்வம் அண்ணனின் கம்ப்யூட்டர்தான் தென் மாவட்டங்களிலேயே அழுக்கானது. திரையில் ஒரு கிளி பறக்கும். ராசிபலன் ஓடும். மூன்று கடிகாரங்கள் மூன்று நேரம் காட்டும். ரிப்பேருக்குப் போன அண்ணன், செல்வம் அண்ணன் தினமும் ஆடும் சீட்டு விளையாட்டைத் தன் கையாலேயே பிடுங்கிவிட்டார்.

"யாரைக் கேட்டு எடுத்த?"

"அது களைண்ணே. உங்க நேரத்தத் திங்குது."

"என் நேரம், அது திங்குது. ஒனக்கு எங்க வலிக்குது?"

சீட்டு விளையாட்டு திரும்ப ஏறியது, களைக்கொத்தி இறங்கியது. "இனி இந்தப் பக்கம் வந்த, மவுசு வயர்லயே கட்டி வச்சுருவேன்" என்ற வழியனுப்புதலோடு அண்ணன் செல்லூர் திரும்பினார்.

அடுத்த அடி வெளிநாட்டிலிருந்து வந்தது. ஒரு தறிப்பட்டறைக்காரர் காசு கொடுத்து வைரஸ் எதிர்ப்பு புரோகிராம் ஒன்றை வாங்கிப் போட்டார். அது உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாகக் களைக்கொத்தியைப் பிடித்து, 'சந்தேகத்துக்குரியது' என்று முத்திரை குத்தி வெளியே போட்டுவிட்டது. அன்றைக்கு அண்ணன் டீயைக்கூடத் தொடவில்லை.

"கேக்கல மாப்ள! ஒரு வார்த்தை கேக்கல! இது யாரு எழுதுனது, எதுக்கு இருக்குன்னு விசாரிக்க வேணாமா? என்னாய்ங்கடா நாயம் இது?"

நான் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டேன். தன் கேள்வி தன்னையே பார்த்து நிற்பது அவருக்குத் தெரியவில்லை. பாத்திமாக்கா வந்துதான் தெரிந்தது.

அண்ணனிடம் கம்ப்யூட்டரை ரிப்பேருக்குக் கொடுத்திருந்த பாத்திமாக்கா, வீட்டு முன்னறையில் எம்ப்ராய்டரி மெஷின் வைத்திருந்தார். பூவையோ கொடியையோ படமாக வரைந்து கொடுத்தால், அதைத் தையலாக மாற்றி மெஷினுக்குச் சொல்லும் ஒரு புரோகிராம் அவருடைய கம்ப்யூட்டரில் இருந்தது. மெஷின் பெல்ட் அறுந்து, புதுசு வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. வந்த பெல்ட்டை மாட்டிவிட்டு உட்கார்ந்தவர், ஒரு வியாழக்கிழமை மத்தியானம் கடைக்கு வந்து நின்றார். கையில் ஒரு பை. அதற்குள் ரோஸ் கலர் துப்பட்டா, ஒரு தையல்கூட விழாமல்.

"தம்பி, படத்தத் தையலா மாத்துமே, அது எங்க?"

அண்ணனுக்குப் பார்க்காமலே புரிந்துவிட்டது. அந்தப் புரோகிராமுக்குப் பேர் என்று இருந்தது வெறும் எண்கள். கம்பெனி பேர் இல்லை. கத்தரிக்காய் மாதிரி ஒரு சின்னம். அவருடைய இலக்கணப்படி அப்பழுக்கில்லாத களை.

"ஒரு மாசமாத் தொறக்கலயேக்கா..."

"பெருநாப் பட்டுச்சேலய வருசத்துக்கு ஒருவாட்டிதான் தொறக்குறேன். அதுக்காக பீரோவுக்குள்ள பூந்து தூக்கிப் போட்டுருவியா நீ?"

அண்ணன் ஸ்டூலை இழுத்துப் போட்டு அக்காவை உட்காரச் சொன்னார்.

"ஞாயித்துக்கெழம நிக்காஹ். கல்யாணப் பொண்ணு சின்னப் புள்ளலருந்து எங்கிட்டத்தான் தச்சுப் போடுது. இப்பப் போயி என்னான்னு சொல்ல? கம்ப்யூட்டர்காரத் தம்பி களையெடுத்துட்டாருன்னா?" அக்கா பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

மெஷினோடு அந்தப் புரோகிராமையும் கொடுத்தவன் கடையைக் காலி செய்துவிட்டு எங்கேயோ போயிருந்தான். "இதே மாதிரி இன்னொன்னு கப்பலூர்ல ஒருத்தருக்கு வித்தான். பள்ளிக்கூட சட்டைப்பையில பேரு தைக்கிறவரு" என்றார் அக்கா. நானும் அண்ணனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

செல்வம் அண்ணன் முழுக்கதையையும் கேட்டார். சிரித்தார். தைத்துக்கொண்டிருந்தவர்களையும் கூப்பிட்டு, இன்னொரு தடவை சொல்லச் சொல்லிச் சிரித்தார். அப்புறம், "கல்யாண வீட்டு வேலைங்குற, எடுத்துக்க. ஆனா அதத் தவிர வேற எதுலயாச்சும் ஒன் கை பட்டுச்சு..." என்று நாற்காலியை இழுத்துப் போட்டு எங்கள் பின்னாலேயே உட்கார்ந்துவிட்டார்.

அண்ணன் திரையைப் பார்த்தார். கிளி பறந்து வந்து "வணக்கம்" என்றது. 'உங்கள் கம்ப்யூட்டர் ஆபத்தில் உள்ளது' என்று ஒரு சிவப்புப் பெட்டி துள்ளியது. கடிகாரங்கள் இப்போது ஐந்தாகியிருந்தன. அண்ணனின் வலதுகை தானாகக் கிளியை நோக்கி நகர்ந்தது. இடதுகை அதை எட்டிப் பிடித்தது.

"முடியல மாப்ள. நான் கண்ண மூடிக்கிறேன். எங்க அமுக்கணும்னு நீ சொல்லு."

"மேலண்ணே. இன்னும் மேல. அய்யோ, அது ராசிபலன்! எடது பக்கம் வாங்க!"

சித்திரை வெயிலில் வராத வியர்வை அந்த ஏசி அறையில் அவருக்கு வந்தது. புரோகிராமைப் பிரதி எடுத்துக்கொண்டு வெளியே வந்தபின்தான் கண்ணைத் திறந்தார். அன்றைக்குச் சாயங்காலமே பாத்திமாக்காவின் மெஷின் கடகடவென்று ஓடத் தொடங்கியது. ரோஸ் துணியில் முதல் மல்லிகை மொட்டு விழும்வரை அண்ணன் வாசலிலேயே நின்றார்.

மறுநாள், "களைக்கொத்திய எடுத்துரணும் மாப்ள" என்றார்.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. "இங்கருந்தே ஒரு அப்டேட் அனுப்புவோம்ணே. ஒரே நிமிசத்துல அம்புட்டுக் கம்ப்யூட்டர்லருந்தும் காணாமப் போயிரும்!"

"கேக்காமயா?"

"ஒரு நிமிச வேலதானண்ணே?" என்றேன்.

"கேக்காம எடுத்தது தப்புன்னுதான எடுக்கப் போறோம்? அதையும் கேக்காம எடுத்தா?"

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வீடு வீடாக, பட்டறை பட்டறையாகக் கிளம்பிவிட்டார். "உங்க கம்ப்யூட்டர்ல ஒண்ணு இருக்கு. எடுக்கவா?" என்று கேட்டால், "அய்யய்யோ, வைரஸா?" என்று அலறினார்கள். "இல்லக்கா, அது நான்தான்" என்றார் அண்ணன். "இம்புட்டு நாளா உள்ளயா ஒக்காந்துருந்த?" என்று ஒரு பட்டறைக்காரர் கம்ப்யூட்டரைச் சுற்றிவந்து பார்த்தார்.

கடைசியாகத்தான் பாத்திமாக்கா வீட்டுக்குப் போகத் தைரியம் வந்தது. செம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு அக்கா சொன்னார்: "எடுக்காத தம்பி, நல்லாத்தான ஓடுச்சு. கைய வைக்கிறதுக்கு முந்தி ஒரு வார்த்தை கேக்கச் சொல்லு அத."

அப்படித்தான் களைக்கொத்தி பேசக் கற்றுக்கொண்டது. அண்ணன் மறுபடி எல்லா இடத்துக்கும் போய், "உங்கள எப்பிடிக் கூப்புடட்டும்?" என்று கேட்டுக் கேட்டு அதற்குள் எழுதினார். செல்வம் அண்ணன்கூட, "மொதலாளின்னு கூப்புட்டா உள்ள விடுறேன்" என்று இறங்கிவந்தார்.

நான் இப்போது சென்னையில் வேலை பார்க்கிறேன். என் லேப்டாப்பில் கல்லூரிக் காலத்துப் புரோகிராம் ஒன்று கிடக்கிறது. எதற்கும் ஆகாது, திறக்கவே திறக்காது. வாரம் தவறாமல் திரையின் ஓரத்தில் ஒரு பெட்டி எட்டிப் பார்க்கிறது: 'மாப்ள, இது எதுக்குன்னு தெரியல. எடுக்கவா, இருக்கட்டுமா?'

இருக்கட்டும் என்றே அமுக்குகிறேன். எடு என்று சொல்லிவிட்டால், அடுத்த வாரம் என்னை மாப்ள என்று கூப்பிட அதற்கு ஒரு காரணம் இருக்காதே.