கண்ணாடியில் ஆணி

மதிப்பிற்குரிய அறிவியல் மாத இதழ் ஆசிரியருக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் நலமென்று நம்புகிறேன். என் கட்டுரை நலமாக இல்லை.

சிறப்புக் கண்ணாடிக்குள் 'அயனி பதித்து' ஒளிக்கு வழி அமைப்பது பற்றி நான் எழுதியதைத் தங்கள் மெய்ப்புத் திருத்துநர் பதினேழு இடங்களிலும் 'ஆணி அடித்து' என்று திருத்தியிருக்கிறார். ஓரிடத்தில் என்றால் அச்சுப்பிழை என்று விட்டிருப்பேன். பதினேழு என்பது கொள்கை. "ஹீலியம் ஆணிகளைக் கோடிக்கணக்கில் அடித்தாலும் கண்ணாடி உடையாது" என்று, நாற்பதாண்டு இயற்பியல் கற்பித்த என் பெயரில் அச்சாகியிருக்கிறது. இதை ஆணித்தரமாக, மன்னிக்கவும், அயனித்தரமாக மறுக்கிறேன். அயனி என்பது மின்னேற்றம் பெற்ற அணு. அதிவேகத்தில் பாய்ந்து, மேற்பரப்பில் கீறல் விழாமல், மயிரிழையினும் குறைந்த ஆழத்தில் நின்றுவிடும். நின்ற இடத்தில் கண்ணாடியின் இயல்பு மாறும். உள்ளே விட்ட ஒளி அந்த எல்லையைத் தாண்டாமல் ஓடும். வெளியே ஒன்றும் தெரியாது. மனிதர்களுக்கு இது பொருந்தாது. அடிபட்டவருக்குள் வழி பிறந்து நான் பார்த்ததில்லை, வன்மம்தான் பிறக்கிறது.

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் அயனிகளை முடுக்கும் இயந்திரத்தைப் பல்கலைக்கழகத்தில் நடத்துபவள் என் தங்கை மகள். அதை மூடலாமா என்று வியாழனன்று முடிவுசெய்யும் குழுவின் தலைவர் தங்கள் சந்தாதாரர். படித்துவிட்டு அவளிடம், "ஏம்மா, ஆணி அடிக்க ஒரு ஹால் முழுக்க மெஷினா? சுத்தியல் போதாதா?" என்றாராம். அவள் என்னிடம், "பெரியம்மா, பத்து வருஷமா நான் சொன்னது யாருக்கும் புரியல. நீங்க எழுதினா புரியும்னு நம்பினேன். நல்லா புரிஞ்சிடுச்சு, போங்க!" என்று போனை வைத்துவிட்டாள். அவள் கோபம் எனக்குப் பழக்கம். குரல் உடைந்தது பழக்கமில்லை.

ஆகவே, வியாழனுக்குள் தங்கள் கையொப்பத்துடன் ஒரு மறுப்புக் கடிதம் அந்தத் தலைவருக்குப் போய்ச் சேர வேண்டும்.

தங்கள் இதழ் நீடு வாழ்க. திருத்துநரின் கண்பார்வை தெளிவு பெறுக.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியை

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் தங்கை மகள் கூப்பிட்டாள். பத்தாண்டுகளாக அந்த ஹாலை எட்டிப்பார்க்காத தலைவர், கண்ணாடியில் ஆணி அடிப்பதைப் பார்த்தே தீருவேன் என்று இன்று காலை வந்து நின்றாராம். அயனி பதித்த கண்ணாடிச் சில்லுக்குள் பச்சை ஒளி ஒரே கோடாக ஓடியதைக் குனிந்தபடியே கால்மணி நேரம் பார்த்துவிட்டு, "ஆணி எங்கம்மா, தெரியவே இல்லையே?" என்றிருக்கிறார். "அதுக்குத்தான் சார் இவ்வளவு பெரிய மெஷின்." மூட வேண்டாமென்று அவரே வியாழனன்று முன்மொழிகிறாராம். சரியான சொல்லுக்கு அசையாத மனிதர், தவறான சொல்லுக்கு ஓடி வந்திருக்கிறார். மறுப்புக் கடிதம் வேண்டாம். எழுதியதை வீணாக்க மனமில்லாமல் இதை அனுப்புகிறேன். அடுத்த கட்டுரையையும் அதே திருத்துநரிடம் கொடுங்கள். நன்றி மட்டும் எதிர்பார்க்க வேண்டாமென்று சொல்லிவிடுங்கள்.