டாக்டர் தொட்ட கம்ப்யூட்டர்

பொத்தானை எப்படி அழுத்தினாலும் கம்ப்யூட்டர் லேசாக ஒருமுறை உறுமிவிட்டு அடங்கிவிட்டது. அவர் பதமாக அழுத்திப் பார்த்தார். அதட்டலாக அழுத்திப் பார்த்தார். கவனிக்காதவர் மாதிரி நின்றுவிட்டுச் சட்டென்று திரும்பியும் அழுத்திப் பார்த்தார். அது எதற்கும் மசியவில்லை.

தங்கை வீட்டுக்குக் கிளம்பிய மனைவி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

"அதைத் தொடாதீங்க. நாளைக்குக் கடைக்காரரைக் கூப்பிட்டுக்கலாம்."

"நான் எங்க தொட்டேன்?"

"தொடப் போறீங்கன்னு முகத்துலயே எழுதி ஒட்டியிருக்கு."

அவ்வளவுதான். பதறவில்லை, புலம்பவில்லை, போய்விட்டாள். அந்த நிதானம்தான் அவரைக் கலக்கியது. துக்கத்தை உள்ளுக்குள் போட்டுப் புதைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

காரணம் இருந்தது. மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மூன்று வருடமாகக் குழந்தைகளுக்கு ஒரு கணக்குப் புத்தகம் எழுதிவந்தாள். மறுநாள் காலையில் அதைப் பதிப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும். அவர் ஆபீசிலிருந்து வருவதற்குள் எழுதி முடித்துவிடுவாள் போலிருக்கிறது. அவர் வந்தபிறகு எதிர்வீட்டு நர்ஸுடன் பேசப் போய்விடுவாள். இத்தனை வருடத்தில் தனக்கென்று ஒரு பொருளைக் கேட்டவள் இல்லை. இந்தப் புத்தகம் ஒன்றுதான் அவளுக்கென்று அவள் செய்துகொண்டது. அது போய்விட்டால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது என்று அவருக்கு உண்மையாகவே பயமாக இருந்தது.

உறவுக்காரர்கள் அவரை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டம் கொடுத்தது மச்சினர். இன்ஷூரன்ஸ் ஆபீசில் இழப்பீட்டு மனுக்களைப் பரிசீலிப்பதுதான் வேலை என்றாலும், வீட்டில் எந்தச் சாமான் மக்கர் செய்தாலும் கடைக்குப் போகுமுன் அவர் கையால் ஒருமுறை பிரிக்கப்பட வேண்டும் என்பது சட்டம். திரும்பப் பூட்ட உதவுமே என்று ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் சேர்த்து வைப்பார். இஸ்திரிப் பெட்டி, சுவர்க் கடிகாரம், வாஷிங் மெஷின் ஆகியவை இப்போது அந்தப் படங்களில் மட்டுமே முழுசாக இருந்தன. பூட்டியபின் மிஞ்சுகிற திருகாணிகளுக்காக அலமாரியில் ஒரு ஜாம் பாட்டில் இருந்தது. தயாரிப்பவர்கள் எவ்வளவு வீண்செலவு செய்கிறார்கள் என்பதற்கு அது சாட்சி என்பார்.

மூடியைக் கழற்றியதும் காரணம் கண்ணுக்கே தெரிந்தது. உள்ளே ஒரே தூசி. வாக்குவம் கிளீனரை ஓட்டினார். இரண்டு இழுப்பில் தூசியோடு சின்னதாக எதுவோ ஒன்றும் 'கிளுக்' என்று குழாய்க்குள் போயிற்று. அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது.

"அங்க என்ன சத்தம்?" என்றாள் மனைவி.

"வீட்டைச் சுத்தம் பண்றேன்."



"உங்களுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"எதுக்கும் கொஞ்ச நேரம் படுங்க."

உள்ளே போனதை எடுக்க வாக்குவம் கிளீனரைப் பிரிக்க வேண்டியதாயிற்று. பிரித்ததில் பை கிழிந்தது. போன தூசி உறவினர்களையும் அழைத்துக்கொண்டு வந்து கம்ப்யூட்டரின் மேல் உட்கார்ந்தது. ஈரத்துணியால் துடைத்தார். காய்ந்துவிட்டது என்று கருதி ஸ்விட்சைப் போட்டார்.

'டப்' என்றது. கொஞ்சம் புகை வந்தது. வீடு முழுக்க மின்சாரம் போயிற்று.

ஆபீசில் இப்படி ஒரு மனு வந்தால் என்ன எழுதுவார் என்பது அவருக்கு மனப்பாடம். 'உரிமையாளரின் அலட்சியம். மனு நிராகரிக்கப்படுகிறது.'

ஃபியூஸைப் போட்டுவிட்டு, வேறு வழியில்லாமல் கடைக்காரருக்கு ஃபோன் செய்தார்.

"ஞாயித்துக்கிழமை சார். கடை லீவு."

"ஒரு சந்தேகம்தான். புகை வந்தா உள்ள இருக்கறதெல்லாம் போயிடுமா?"

"புகை எப்படி வந்துச்சு?"

"தானா வந்துச்சு."

கடைக்காரர் மூச்சு விட்டது இங்கே கேட்டது. "போர்டு போயிருக்கும். டிஸ்க் பொழைச்சிருக்கும். அதுலதான் எல்லாம் இருக்கு. ஒண்ணும் பண்ணாம அப்படியே வையுங்க, நாளைக்கு மத்தியானம் வந்து பாக்கறேன்."

மத்தியானம் வந்து என்ன பிரயோஜனம்? காலையிலேயே பதிப்பகம். டிஸ்கைக் கழற்றித் துண்டில் சுற்றி, பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல் மார்போடு அணைத்துக்கொண்டு எதிர்வீட்டுக்கு நடந்தார். அங்கே ஒரு கம்ப்யூட்டர் உண்டு. வாசற்படியில் கால் தடுக்கியது. அவர் விழவில்லை, டிஸ்க் விழுந்தது.

கதவைத் திறந்தவர் நர்ஸின் கணவர். ரயில் ஓட்டுபவர். இரவு முழுக்க வண்டி ஓட்டிவிட்டுப் பாதித் தூக்கத்தில் எழுந்து வந்திருந்தார். தன் மனைவி டியூட்டிக்காக ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பதாகச் சொன்னார்.

"உங்க கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் பாக்கலாமா?"

"தாராளமா பாருங்க சார்."

தாராளமாகப் பார்ப்பதற்காக அதன் மூடியையும் கழற்றித் தம் டிஸ்கை உள்ளே மாட்டினார். கடகடவென்று உள்ளுக்குள் பல் தந்தியடிப்பது போல ஒரு சத்தம் வந்தது. மறுபடியும் கடைக்காரருக்கு அடித்தார்.

"சத்தம் எப்படி வந்துச்சு? அதுவும் தானாவா?" என்றார் கடைக்காரர். "அது ரொம்ப நேரம் தாங்காது சார். காலியா ஒரு டிஸ்க் இருந்தா உடனே முழுசா அதுல படியெடுத்துடுங்க." எந்த மென்பொருள், எந்தப் பொத்தான் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, இன்றைக்கு இனிமேல் ஃபோனை எடுக்க மாட்டேன் என்பதையும் மரியாதையாகச் சொன்னார்.

எதிர்வீட்டுக் கம்ப்யூட்டரில் உபரியாக இன்னொரு டிஸ்க் இருந்தது. அவர் படுக்கையறை வாசலில் போய் நின்றார்.

"தம்பி, இதுல ரெண்டாவதா ஒரு டிஸ்க் இருக்கே. அதை உபயோகிச்சுக்கலாமா?"

"அதுல எங்களோடது ஒண்ணும் இல்லை சார்," என்றார் ஓட்டுநர் தலையணைக்குள்ளிருந்து. "எங்களோடது எல்லாம் ஃபோன்லதான். என்ன வேணா பண்ணிக்கங்க."

திரையில் பொடி எழுத்தில் 'இதில் ஏற்கெனவே உள்ளவை...' என்று எதையோ சொல்லி, கீழே 'சம்மதமா?' என்று கேட்டது. பொடி எழுத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து நிற்கிற எத்தனையோ பேரை அவர் ஆபீசில் கடிந்துகொண்டிருக்கிறார். ஆனால் இங்கே கடகட சத்தம் கூடிக்கொண்டே போயிற்று. சம்மதம் என்று தட்டினார்.

படியெடுத்து முடிந்த கையோடு அவருடைய டிஸ்க் கடைசியாக ஒருமுறை முனகிவிட்டு ஓய்ந்தது. புதிய பிரதியைத் திறந்தார். இஸ்திரிப் பெட்டியின் படங்கள் இருந்தன. வாஷிங் மெஷின் நூற்றுக்கணக்கான கோணங்களில் இருந்தது. அதற்குக் கீழே 'கணக்குப் புத்தகம்' என்று ஒரு கோப்புறை. தட்டினார். முதல் அத்தியாயம் திறந்தது. அவள் வழக்கமாகச் சொல்கிற மாதிரியே, 'குழந்தைகளே, தப்பாகப் போட்டாலும் பரவாயில்லை, போட்டுப் பாருங்கள்' என்று ஆரம்பித்திருந்தாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மேற்கொண்டு படிக்கத் தெம்பில்லை. மூடியைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு திருகாணி மிச்சம் இருந்தது.

சாயங்காலம் மனைவி வந்தாள். கூடத்தில் கம்ப்யூட்டர் ஒரு பக்கமும் வாக்குவம் கிளீனர் ஒரு பக்கமும் குடல் தெரியக் கிடந்தன. நடுவில் அவர் நின்றார்.

"திட்டணும்னா திட்டிக்கோ," என்றார். "கம்ப்யூட்டர் போயிடுச்சு. ஆனா உன் புத்தகத்தைக் காப்பாத்திட்டேன்."

"எந்தப் புத்தகத்தை?"

"கணக்குப் புத்தகத்தை. முதல் அத்தியாயத்தை என் கண்ணால பாத்தேன்."

மனைவி கைப்பையை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். அவள் இப்படிச் சிரித்துப் பார்த்து ரொம்ப நாளாயிற்று. அவருக்கும் சந்தோஷமாக இருந்தது.

"அதுல அந்த ஒரு அத்தியாயம்தாங்க இருக்கு. நீங்க இஸ்திரிப் பெட்டியைப் பிரிச்ச அன்னிக்கே நான் சுதாரிச்சுக்கிட்டேன். அடுத்தது கம்ப்யூட்டர்தான்னு தெரியாதா எனக்கு? மத்ததையெல்லாம் உங்க கை எட்டாத இடத்துல உக்காந்து எழுதி, அங்கேயே பத்திரமா வெச்சிருக்கேன்."

அவருக்கு முதலில் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. அப்புறம் பெரிய பாரம் இறங்கியது. புத்தகம் பிழைத்தது, அது போதும். தானும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

"நல்லவேளை. அப்படி எங்கதான் வெச்சிருக்கே?"

அவள் பதில் சொல்வதற்குள் அழைப்பு மணி அடித்தது. டியூட்டி முடிந்து வந்த நர்ஸ், யூனிஃபார்ம்கூட மாற்றாமல் வாசலில் நின்றாள்.

"அக்கா, நாளைக்குக் குடுக்கணுமேன்னு உங்க புத்தகத்தை எடுக்கலாம்னு எங்க கம்ப்யூட்டரைத் திறந்தேன்," என்றாள். "நீங்க வெச்சிருந்த இடத்துல ஒரு அத்தியாயத்தைத் தவிர மிச்சமெல்லாம் யாரோ வாஷிங் மெஷினைப் பிரிச்சுப் போட்ட படமா இருக்கே?"