நிச்சயப் பத்திரத்தின் மேல் ஒரு லேஸ்

தீவுக் கன்னிமடத்தில் ஜெபமும் நிம்மதியுமாய் வாழும் தங்கை சிஸ்டர் எவுஃப்ரசியாவுக்கு, வெனிஸிலிருந்து அண்ணன் பொர்த்தோலோ ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே என்னைத் தவிர எல்லோரும் சுகம்.

நாளை விடிந்ததும் மடத்துப் படகை அனுப்பு. என் மகள், உன் மருமகள் ஓர்செத்தாவைக் கல்யாண நாள்வரை அங்கேயே பூட்டி வை. எல்லாம் லேஸ் பின்ன மாதிரிப் படங்கள் போட்ட அந்தப் புத்தகத்தால் வந்தது. அச்சுக்கடைக்காரன், "குணவதிங்களுக்குன்னே போட்டதுங்க, பொண்ணு குனிஞ்சு உக்காந்தா எந்திரிக்கவே மாட்டா" என்றான். அவளுக்குப் பேசி வைத்த மாப்பிள்ளை, சோப்புக் காய்ச்சும் பொலிதோரோவோ, இரண்டு மனைவிகளைப் புதைத்தவர், அடக்கமான பெண்தான் வேண்டும் என்கிறார். வாங்கித் தொலைத்தேன். உட்கார்ந்தாள், உண்மைதான். ஆனால் புத்தகத்தைப் படிக்கவில்லை, குத்தினாள்! கோடெல்லாம் ஊசியால் துளைத்து, கரித்தூள் தட்டிப் படத்தை அடியில் வைத்த தாளில் இறக்குவதுதான் வழக்கமாம். என் மூக்கில் கரி, ரொட்டியில் கரி, கோவிலுக்குப் போகிற சட்டையில் கரி. பொறுத்தேன். புத்தகம் கந்தலானதும் சொந்தமாகவே படம் போட ஆரம்பித்தாள். நூலைப் பிடித்துத் தைக்க அடியில் கெட்டியான ஆட்டுத்தோல் வேண்டுமாம். வீட்டில் வேறு எந்தத் தோல் இருக்கிறது? ஆட்டுத்தோலில் எழுதிய கல்யாண நிச்சயப் பத்திரம்! பொலிதோரோவின் கையெழுத்து மேலேயே தைத்திருக்கிறாள்.

"ஏண்டி, வேற எடமே கெடைக்கலையா?"

"தேடிப் பாத்தேம்ப்பா. அவரு பேரை மறைச்சாத்தான் பார்வையா இருந்துச்சு."

"அப்ப ஒனக்குக் கல்யாணம் வேணாமா?"

"இதை மொதல்லயே கேட்டிருந்தா ஒரு தோல் மிச்சமாயிருக்குமே."

அப்போதிருந்து கூடத்தில் நடந்துகொண்டே இருக்கிறேன். இதையும் நின்றபடிதான் எழுதுகிறேன். நாளை பத்திரத்தை வாங்க பொலிதோரோவின் ஆள் வருகிறான். லேஸ் பாதிதான் முடிந்திருக்கிறது. நூலை அறுத்தால் பத்திரம் கிடைக்கும், லேஸ் பிரிந்து போகும். போகட்டும். கத்திரிக்கோலைத் தீட்டி வைத்துவிட்டேன். பத்திரம் அவருக்கு, பெண் உனக்கு.

மடத்துத் தாயாருக்கு என் பணிவைச் சொல். என் கோபம் குறைய ஒரு ஜெபமாலை சொல்லு.

பி.கு.: படகு வேண்டாம். கடிதத்துக்கு முத்திரை வைக்கப் போனபோதே, நாளை வர வேண்டிய பொலிதோரோவின் ஆள் இன்றே வந்துவிட்டான். கத்திரிக்கோலோடு குனிந்தேன். அப்போதுதான் அதை ஒழுங்காகப் பார்த்தேன். துணியே இல்லாமல் வெறும் நூலில் ஒரு நண்டு, நம் படித்துறையில் ஏறுமே, அதே நண்டு. பாதிக் காலுக்கு இன்னும் நூல் வரவில்லை. ஓர்செத்தா கெஞ்சவில்லை, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு அறுக்க மனம் வரவில்லை, எவுஃப்ரசியா. என் பெண் செய்தது என்று நினைத்ததும் கண்ணில் நீர் வந்துவிட்டது. பத்திரத்தை எலி தின்றுவிட்டது என்று சொன்னேன்.

"பரவால்லீங்க, எங்க ஐயா வேற எழுதி அனுப்புவாரு" என்றான்.

"தாராளமா அனுப்பச் சொல்லு. தோல் மட்டும் இன்னும் கொஞ்சம் பெருசா இருக்கட்டும்" என்றேன்.