மைல்கல் மாமாவும் ஊர் வந்துவிட்ட பாலுவும்

ஆயுத பூஜையன்று மைல்கல்லுக்குச் சந்தனம் குங்குமம் வைத்த ஒரே மனிதர் இந்த மதராஸில் எங்கள் மைல்கல் மாமாதான். இன்னொருவர் உண்டு என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

அவருக்கு ஏதோ நீளமாக ஒரு பேர் இருந்தது. மயிலாப்பூர்க் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தார். ஏதோ ஆபீஸில் பைல் பார்க்கிற வேலை. அந்தச் சந்து முனையில் இருந்த ஷெட்டில்தான் நான் மெக்கானிக். பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவன். அறுபத்தெட்டோ அறுபத்தொன்பதோ, வருஷம் சரியாக நினைவில்லை. அந்த வருஷம் குளத்தில் தண்ணீர் இருந்தது, அது நினைவிருக்கிறது.

மாமாவுக்குப் பாலு என்று நாலு வயசுப் பையன், சச்சு என்று மூணு வயசுப் பெண். குழந்தைக்கு நாலு சுவருக்குள் ஒன்றும் கிடைக்காது, ரோடுதான் பள்ளிக்கூடம் என்பது அவருடைய கட்சி. ஞாயிறு விடிந்தால் கார் கிளம்பும். உள்ளே மாமா, மாமி, குழந்தைகள், ஒரு தூக்கு எலுமிச்சம் சாதம், நான். நான் எதற்கு என்றால், மெக்கானிக் இல்லாமல் அந்தக் கார் சைதாப்பேட்டைப் பாலம் தாண்டாது. வெள்ளைக்காரன் வேண்டாமென்று விட்டுப்போன கார். இடது கதவைக் கயிற்றால் கட்டியிருக்கும். மழை பெய்தால் மாமி காருக்குள்ளேயே குடை பிடிப்பார். அந்தக் குடைக்கும் ஒரு கதை உண்டு, இப்போது வேண்டாம்.

செங்கல் சூளை கண்ணில் பட்டால் வண்டி நிற்கும். மண் எப்படிக் கல்லாகிறது என்று அரை மணி பாடம். ஒருநாள் ஏரிக்கரையில் மேகம், மழை, கடல் என்று ஒரு மணி நேரம் விளக்கினார். குழந்தைகள் முதல் ஐந்து நிமிஷத்திலேயே தூங்கிவிட்டார்கள். கடைசிவரை கேட்டது நானும் ஓர் எருமையும்தான். அடையாறு கடலில் சேருகிற இடத்தில், ஆறு எங்கே போகிறது சொல்லு பார்ப்போம் என்று சச்சுவைக் கேட்டார். குழந்தை யோசித்துவிட்டு, "நேக்கும் போகணும்ப்பா" என்றது.

ஆனால் கணக்குப் பாடத்துக்கு மட்டும் மைல்கல்தான். செங்கல்பட்டு ரோட்டில் ஒவ்வொரு கல்லாக மாமா விரலை நீட்டுவார், பாலு உரக்கச் சொல்வான். பையன் பிழையில்லாமல் சொல்கிறான் என்று மாமாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. சந்து முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மாமி ஒருநாள் அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாலுவுக்கு மனுப் போட்டுவிட்டார். நேரில் பார்க்க வரச் சொன்னார்கள். கார் நடுவில் நின்றால் தள்ள வேண்டுமே என்று நானும் போனேன். இரண்டு தடவை தள்ளினேன். பிறகு வராந்தாவில் ஜன்னலோரம் நின்றேன்.

பெரிய டீச்சரம்மா பாலுவை நாற்காலியில் ஏற்றி உட்காரவைத்து, இருபது வரை எண்ணச் சொன்னார். பாலு கணீரென்று ஆரம்பித்தான். "இருபது, பத்தொம்பது, பதினெட்டு..." ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. ஒண்ணு என்று முடித்ததும் நாற்காலியிலிருந்து குதித்து வாசலுக்கு நடந்தான்.

"எங்கேப்பா போறே?"

"ஊர் வந்துடுத்து மாமி. எறங்க வேண்டாமா?"

போகும்போது செங்கல்பட்டு எத்தனை மைல் என்று கல் சொல்லும், வரும்போது மதராஸ் எத்தனை மைல் என்று சொல்லும். எப்படிப் போனாலும் எண் குறைந்துகொண்டேதான் வரும். ஏறுகிற எண்ணைப் பையன் பார்த்ததே இல்லை. மாமாவுக்கு அது தோன்றவும் இல்லை.

அடுத்த வாரம் இன்னொரு தரம் அழைத்து வரச் சொன்னார் டீச்சரம்மா. திரும்பும்போது மந்தைவெளி தாண்டினதும் மாமி மெதுவாகச் சொன்னார்: "அன்னிக்கும் இவனுக்கு ஊர் வந்துடுத்துன்னா, இந்தக் காரை வித்துடணும். ஒத்துக்கறேளா?"

மாமா தலையை ஆட்டினார்.

அப்புறம் தினமும் சிலேட்டோடு போராடினார். ஒன்று, இரண்டு என்று எழுதிக் காட்டினால், இது எந்த ஊர்க் கல் என்று கேட்டான் பையன். வியாழக்கிழமை மாமா ஷெட்டுக்கு வந்தார். நான் ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன். அவர் செருப்பு மட்டும் தெரிந்தது.

"முனுசாமி, காருக்கு ஒரு ஆள் பார்த்து வைப்பா."

அந்தக் குரலில் அவர் பேசி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. வெளியே வந்தேன்.

"சாமி, நீ முன்னால பாக்குற, கொறையுது. நான் பொகை வருதான்னு பின்னாலயே பாத்துக்கினு வரேன். எனக்கு ஏறிக்கினே போவுது. புள்ளைய திருப்பி உக்கார வெய்யி."

கல்லின் அந்தண்டை முகத்தில் மதராஸிலிருந்து எத்தனை மைல் என்று போட்டிருக்கும். வாரா வாரம் நான் பார்த்தது அதைத்தான்.  மாமா வெள்ளைச் சட்டையோடு என்னைக் கட்டிக்கொண்டார். அந்தக் கிரீஸ் கறை கடைசிவரை போகவில்லை என்று மாமி சொல்வார்.

ஞாயிற்றுக்கிழமை, முதல் கல்லைப் பிடிப்பதற்காகவே மவுண்ட் ரோடு வரை போய்த் திரும்பினோம். பாலுவும் சச்சுவும் பின் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு, செங்கல்பட்டு வரை எண்ணிக்கொண்டே வந்தார்கள். நானும் எண்ணினேன்.

மறுபடி பள்ளிக்கூடம். டீச்சரம்மா எண்ணச் சொன்னார். பாலு நாற்காலியில் அப்படியே திரும்பி மண்டி போட்டான். அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து, ஒண்ணு, ரெண்டு என்று ஆரம்பித்தான். இருபதில் போதும் என்றார். செங்கல்பட்டு இன்னும் வரவில்லை என்று அவன் நிறுத்தவில்லை. டீச்சரம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். இடம் கிடைத்தது. காரும் பிழைத்தது.

அப்புறம் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் போனோம். பிறகு கார் போயிற்று, மாமாவும் போய்விட்டார். இப்போது என் மகன் காரில் எங்கே போனாலும், இன்னும் எவ்வளவு தூரம் என்று எல்லாரும் கேட்கிறார்கள். நான் மட்டும் பின் கண்ணாடியைத் திரும்பிப் பார்க்கிறேன். என்ன பார்க்கிறாய் என்று கேட்டால், புகை வருகிறதா என்று பார்க்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.