எமெஸ்ஸி பெண் பார்க்கப் போனார்

நான் வேலை பார்த்த அவலூர்பேட்டை அரிசி மில்லைப் பூட்டிவிட்டார்கள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு செஞ்சி ரோட்டில் நடந்துகொண்டிருந்தபோதுதான், தான் படித்த படிப்பைத் தானே கழுவி ஊற்றும் ஒரே மனிதரைச் சந்தித்தேன். இன்னொருவர் இந்தப் பூமியில் இருக்க வாய்ப்பில்லை. ஊர் முழுக்க அவருக்குப் பேர் எமெஸ்ஸி.

தண்ணீர் கேன் ஏற்றிய குட்டியானை வண்டி என் பக்கத்தில் நின்றது. ஓட்டியவர் டாக்டர் மாதிரி வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார்.

"எங்கப்பா போற?"

"வேலை தேடி."

"இன்னா படிச்சிருக்க?"

"எட்டாவது. அதுவும் பாதி."

"தப்பிச்ச. ஏறு."

அவர் கெமிஸ்ட்ரியில் எம்.எஸ்சி. காலையில் கேன் தண்ணீர்க் கம்பெனியில் தண்ணீரைச் சோதித்துப் பார்க்கும் கெமிஸ்ட். அந்தச் சம்பளம் பத்தாததால், மத்தியானத்துக்கு மேல் அதே தண்ணீரைத் தோளில் சுமந்து வீடு வீடாகப் போடுவார். கோட்டை மட்டும் கழற்ற மாட்டார். "அஞ்சி வருஷம் காலேஜ் போனதுக்கு மிஞ்சினது இது ஒண்ணுதான்."

செஞ்சிக் கடைத்தெருவில் ஒரு மளிகைக்காரர் வீட்டு மாடிக்குக் கேன் கொண்டுபோனோம். அந்த வீட்டுப் பெண் பிளஸ் டூ முடித்திருக்கிறாள் என்று தெரிந்ததும் எமெஸ்ஸி வாசலிலேயே நின்றுவிட்டார். கேன் தோளில்.

"பாப்பாவ எதுல சேக்கறீங்க?"

"பி.எஸ்சி. ஃபிசிக்ஸ்ப்பா. கேன எறக்கு."

"நர்சிங்ல சேருங்க. ஃபிசிக்ஸ் முடிச்சா எம்.எஸ்சி. படிம்பாங்க. அப்புறம் பி.எட். படிம்பாங்க. எல்லாம் முடிச்சிட்டு என்ன மாதிரி மாடிப்படி ஏறணும். நர்சுக்கும் மொதல்ல சம்பளம் கொஞ்சந்தான், இல்லங்கல. ஆனா கை பழகிட்டா சென்னையில கூப்புடறான், வெளிநாட்டுல கூப்புடறான். என்ன யாரு கூப்புடறா? தண்ணி தீந்தவன்தான்."

"யோவ், தோளு கழண்டுடப் போவுது, எறக்குய்யா!"

"நர்சிங்னு சொல்லுங்க, எறக்கறேன்."

மளிகைக்காரர் சொன்னார். கேன் இறங்கியது.

வண்டியில் ஏறியதும் அவர் குரலும் இறங்கிவிட்டது. அன்று அவர் பனமலைக்குப் பெண் பார்க்கப் போகவேண்டும். அவர் தினமும் கேன் போடும் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்சாக இருப்பவள்தான் பெண். கட்டினால் அவளைத்தான் கட்டுவது என்று முடிவாக இருந்தார். சிக்கல் அவருடைய வாய்தான். இதற்குமுன் மாமாக்கள் கூட்டிப்போன இடங்களில் எல்லாம் தன் சம்பளத்தை விளக்கிச் சொல்லியே காரியத்தைக் கெடுத்திருக்கிறார். இனி உன்னோடு வரமாட்டோம் என்று மாமாக்கள் கும்பிடு போட்டுவிட்டார்கள்.

"நீ வா. எங்க பெரியப்பா பையன்னு சொல்லிக்கலாம். நான் சம்பளத்தப் பத்தி வாயத் தொறந்தா தொடையில கிள்ளு."

சாப்பாடு உண்டா என்று கேட்டேன். கேசரி உண்டு என்றார். பெரியப்பா பையன் ஆனேன்.

பனமலையில் அவருடைய வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும், டாக்டர் மாப்பிள்ளை வந்துவிட்டதாகத் தெருவே முடிவுசெய்தது. ஒரு பெரியவர் நாக்கை நீட்டிக்கொண்டு குறுக்கே வந்தார். எமெஸ்ஸி எட்டிப் பார்த்துவிட்டு, "தண்ணி நெறைய குடிங்க" என்றார்.

உள்ளே உட்கார்ந்ததும் பெண்ணின் அப்பா கேட்டார்: "மாப்ளைக்கு வருமானம் இன்னா?"

கிள்ளினேன்.

"ஒங்க பொண்ணு வாங்கறதுல பாதி."

மறுபடி கிள்ளினேன்.

"கேன் தூக்கறதயும் சேத்து."

நகம் பதியக் கிள்ளினேன்.

"இவன் கிள்றான், இருந்தாலும் சொல்லிடறேன். நான் ஒங்க எடத்துல இருந்தா என்ன மாதிரி ஆளுக்குப் பொண்ணு குடுக்கமாட்டேன்."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். எமெஸ்ஸியின் முகம் சுண்டிப்போனது. கேசரித் தட்டோடு பாதி வழியில் நின்றிருந்த பெண்தான் பேசினாள்.

"உக்காரு நைனா. ஆஸ்பத்திரியிலயும் தெனம் இதத்தான் சொல்றாரு. இங்க வந்து மாத்திப் பேசியிருந்தா நானே வாணாம்னு சொல்லியிருப்பேன்." பிறகு அவரைப் பார்த்தாள். "ஊருக்கெல்லாம் நர்சிங் படி, நர்சிங் படிங்கறீங்களே, நீங்க ஏன் படிக்கல?"

அது எமெஸ்ஸிக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

"ஆம்பள நர்சா?" என்றார் அப்பா.

"எமர்ஜென்சியில பேஷன்ட தூக்க ஆளில்லாம தவிக்கறோம். இவரு மாடி மாடியா கேன் தூக்கறாரு. சேர்ற வயசும் இன்னும் தாண்டல. எனக்குப் போடற நகையக் கொறச்சிட்டு இவருக்கு ஃபீஸ் கட்டு நைனா."

அப்பா வாசலுக்குப் போய் எங்கள் வண்டியை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். திரும்பி வந்து, "மொதல்ல கேசரி சாப்புடுங்க மாப்ள" என்றார். பெண் பார்க்கப் போய்க் காலேஜில் சேர்ந்து திரும்பிய மாப்பிள்ளையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

திரும்பும் வழியில் அனந்தபுரம் தாண்டியதும் எமெஸ்ஸி வண்டியின் வேகத்தைக் குறைத்தார். பிறகு, "ஊசின்னா எனக்குக் கொஞ்சம் பயம்" என்றார்.

மறுநாள் காலை அதே வண்டியில் கேன் தூக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். நான் எந்த ஊரிலும் நிலைத்து நின்றவனில்லை. அவர் படிப்பு முடிய மூன்று வருஷம் ஆகும் என்றார்கள். சரி, பார்த்துவிட்டே போகலாம் என்று இருந்துவிட்டேன்.