மேமியோவுக்குப் போன கைப்பக்குவம்

மாண்டலே,
பௌர்ணமிக்கு மறுநாள்.

மதிப்புக்குரிய பெரியக்கா டோ சேய்ன் ட்வே அவர்களுக்கு, தங்கை கணவன் போ ஞுன் வணங்கி எழுதுவது. நான் நலம். வீடும் அதே இடத்தில் இருக்கிறது. இந்தக் கடிதத்தை உங்கள் தங்கை கண்ணில் காட்ட வேண்டாம்.

என் ஓய்வு நாள் விருந்தில் நடந்ததை அவள் தன் வாயால் சொல்லியிருப்பாள், என் வாயாலும் கேளுங்கள். தெருவே உட்கார்ந்து தேங்காய்ப்பால் கோழிக் குழம்பும் நூடுல்ஸும் சாப்பிட்டது. மேலே தூவிய பொரித்த நூடுல்ஸை எல்லோரும் புகழ்ந்தார்கள். முப்பத்திரண்டு வருடம் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுத்தவனுக்கு அன்று ஒரு நாள்தான் பாராட்டு, அதையும் நூடுல்ஸ் தட்டிக்கொண்டு போகிறதே என்ற எரிச்சலில், "பொரிக்கிறதுல என்ன இருக்கு? அதை யார் வேணாலும் செய்யலாம்" என்றேன். உங்கள் தங்கை சேய்ன் மியா கரண்டியை மெதுவாகக் கீழே வைத்து, "அப்படீங்களா? அப்ப நீங்களும் செய்யலாமே" என்றாள். மறுநாள் காலை பஸ்ஸில் மேமியோவுக்கு, உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். பத்து நாளில் வருகிறேன் என்றவள். இப்போது இரண்டாவது பௌர்ணமியும் போய்விட்டது.

ரோஷத்தில் நானும் வாணலியை ஏற்றினேன். வேகவைத்த நூடுல்ஸை ஈரத்தோடு போட்டதில் எண்ணெய் தெறித்து, ஒரு வாரம் கையில் கட்டுப் போட்டேன். அடுத்த முறை கடலை எண்ணெய் காயுமுன் முழுவதையும் கொட்டியதில் எல்லாம் ஒன்றாக ஒட்டி, கால் துடைக்கும் மிதியடி மாதிரி வந்தது, அதற்கு அடுத்த முறை நன்றாகத்தான் வந்தது, ஆனால் சூடாகவே டின்னில் போட்டு மூடிவிட்டேன், திறந்தால் வியர்த்துப்போய்ச் சவசவவென்று கிடக்கிறது. வெளியே கொட்டியதை வாயில் கவ்விக்கொண்டு பறந்த காக்கையைப் பார்த்து எதிர்வீட்டு டோ ஏ ஞேய்ன், "இந்த வருஷம் காக்காய்ங்களுக்குக் கூடு கட்டுற வேலை மிச்சம், அண்ணே" என்கிறாள். அந்தம்மாவுக்கு வேறு வேலையே இல்லை.

வீணாக்க மனமில்லாமல் காலையில் வரும் பிக்குகளின் பாத்திரத்தில் போட்டேன். போட்டதை வேண்டாம் என்று அவர்கள் சொல்லக் கூடாதல்லவா, அந்தத் தைரியம்தான். பதினோரு நாள் போட்டேன். பன்னிரண்டாம் நாள் வரிசை எங்கள் தெருவுக்குள் நுழையாமலே திரும்பிவிட்டது. விரத நாளில் மடத்துக்குப் போனேன். யாரிடமும் குடும்ப விஷயம் கேட்காத பெரிய பிக்கு கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, "உபாசகரே, ஊருக்குப் போன அம்மா எப்ப வர்றாங்க?" என்றார். அதையேதான் நானும் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அவள் முகத்தில் பூசும் தனக்காக் கட்டையை அரைக்கும் கல் காய்ந்து கிடக்கிறது. காலையில் அந்தச் சத்தம் இல்லாமல் எனக்கு எழுந்திருக்கவே தோன்றவில்லை. நேற்று நானே கொஞ்சம் அரைத்து, அந்த வாசனைக்காகக் கன்னத்தில் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதையும் ஏ ஞேய்ன் பார்த்துவிட்டாள்.

அங்கே குளிர் அதிகமாமே, அவள் இருமல் எப்படி இருக்கிறது? என் பேச்சு எப்போதாவது வருகிறதா? திட்டுவதாக இருந்தாலும் எழுதுங்கள். மற்றபடி நான் எழுதியது நூடுல்ஸை எத்தனை பிடி போடுவது என்று கேட்கத்தான். மும்மணிகளின் காவல் உங்கள் வீட்டை விட்டு விலகாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
போ ஞுன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் கடைசியாக ஒரு தடவை பொரித்துப் பார்த்தேன். முறத்தில் உலர்த்தி, ஒரே ஒரு பிடி. பொன்னிறத்தில் விரிந்தது. கடித்தால் நொறுங்குகிறது, அக்கா, அச்சாக அவள் கைப்பக்குவம். எனக்குப் பயமாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று நான் சொன்னது உண்மையாகிவிட்டதே. இந்த வயதில் நான் சொன்னது சரியாக இருந்து எனக்கு என்ன ஆகப் போகிறது? அவ்வளவின் மேலும் குழம்பை ஊற்றி, நன்றாக ஊறி நமத்த பிறகுதான் சாப்பிட்டேன். முதலில் காட்ட வேண்டாம் என்று எழுதியதை மறந்துவிடுங்கள். கையெழுத்து வரைக்கும் அவளிடம் படித்துக் காட்டுங்கள், எண்ணெய் தெறித்த இடத்தை இரண்டு தடவை. இந்தப் பின்குறிப்பை மட்டும் கிழித்து அடுப்பில் போட்டுவிடுங்கள்.